திறனாய்வுக் கட்டுரையில் துணிபும் சான்றும்

முதுகலை மாணாக்கர் வகுப்புக்கென எழுதித் தரும் இலக்கியக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் எவரும் ஒரு குறையைக் கண்டிருப்பர். கட்டுரை பிழையற்ற தமிழில் அமைந்திருக்கும். புலவர் பெயரும் திணையும் துறையும் முறையாகக் கூறப்பெற்றிருக்கும். பாட்டின் பொருள் உரைநடையில் விரிக்கப்பெற்றிருக்கும். ஈற்றில், ‘இவ்வுவமை கற்பார் நெஞ்சைக் கொள்ளை கொள்கின்றது’ என்ற முடிவும் இருக்கும். ஆயினும், படித்து முடித்தபின் அப்பாட்டைப் பற்றி முன்னறியாத ஒன்றை அறிந்தோம் என்ற நிறைவு உண்டாவதில்லை.

பொருள் கூறுதல் ஒன்று, பாராட்டுதல் ஒன்று, ஆராய்தல் பிறிதொன்று. முன்னிரண்டும் மூன்றாவதன் இடத்தைக் கவர்ந்துகொள்வதே இக்குறையின் வேர் என்பது எம் கருத்து. மறுக்கத்தக்க ஒரு துணிபைக் கூறி, அதனைப் பாட்டின் சொற்களைக் கொண்டே நிறுவுவது ஆராய்ச்சிக் கட்டுரை. இதனை ஒரு சிறு பாட்டை வைத்து ஈண்டு விளக்குவாம்.

1. எடுத்துக்கொண்ட பாட்டு

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937ஆம் ஆண்டில் உரையுடன் வெளியிட்ட குறுந்தொகையுள் 40ஆம் பாட்டு ஐந்தே அடிகளை உடையது. தலைவன் தலைவியை நோக்கிக் கூறுவதாக அமைந்தது. இருவர் தாயரும் ஒருவர்க்கொருவர் யார் என்றும், இருவர் தந்தையரும் எம்முறையில் உறவினர் என்றும், தாம் இருவரும் எவ்வாறு அறிமுகமானோம் என்றும் அவன் வினவுகின்றான். பின்னர், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிக்கின்றான். பாடியவரின் இயற்பெயர் கிடைத்திலது. இவ்வுவமையே செம்புலப்பெயனீரார் என்ற பெயரை அவர்க்குத் தந்தது. இப்பாட்டை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். எல்லாரும் அறிந்த பாட்டில் புதிது காண்பது அரிதாகலின், இதுவே பயிற்சிக்கு ஏற்றது எனக் கொண்டாம்.

2. துணிபாவது யாது?

‘இப்பாட்டின் உவமை மிகச் சிறந்தது’ என ஒரு மாணாக்கர் தொடங்குவாராயின், அதனை மறுப்பார் ஒருவரும் இலர். மறுப்பார் இல்லாத கூற்றுக்குச் சான்று வேண்டா. சான்று வேண்டாத இடத்துக் கட்டுரையும் வேண்டா. ‘இப்பாட்டுக் காதலின் ஆற்றலை உணர்த்துகின்றது’ என்பதும் அத்தகையதே. அக்கூற்று அகப்பாட்டுக்கள் நூற்றுக்கணக்கானவற்றுக்குப் பொருந்துமன்றே! எல்லாவற்றுக்கும் பொருந்துவது ஒன்றற்கும் உரியதாகாது.

ஆகவே, துணிபை எழுதியவுடன் மாணாக்கர் தம்மையே இரண்டு வினாக்கள் வினவுதல் வேண்டும். கற்றவர் ஒருவர் இதனை மறுத்தற்கு இடமுண்டா? பாட்டின் பெயரை மாற்றினும் இக்கூற்று நிற்குமா? முன்னதற்கு ‘உண்டு’ என்பதும், பின்னதற்கு ‘நில்லாது’ என்பதும் விடையாயின் அது துணிபாம்.

இவ்விரு தேர்வுக்கும் நிற்பதொரு துணிபு வருமாறு: ‘இப்பாட்டுக் கூடலின் களிப்பைப் பாடுவது அன்று, பிரிவு அஞ்சியவளுக்கு விடை கூறுவது. அவ்விடையும் உறவின்மையை மறையாமல் ஒப்புக்கொள்வதனாலேயே வலிமை பெறுகின்றது.’ இதனை மறுக்கலாம். மறுக்கலாம் என்பதனாலேயே நிறுவுதற்கு உரியதாயிற்று.

3. சான்றின் வகை

முதற்சான்று பாட்டின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்பு. இயற்கைப் புணர்ச்சிக்குப்பின், தலைவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சிய தலைவியின் குறிப்பை உணர்ந்து அவன் கூறியது என்பது அதன் கருத்து. மாணாக்கர் பலர் இதனோடு அமைந்துவிடுவர். அது போதாது. இக்குறிப்புக்கள் தொகுத்தோர் காலத்தன என்பது அறிஞர் பலர் கொள்கை. பிறர் பாட்டுக்கு வகுத்த சூழலைப் பாட்டின் அகச்சான்றாகக் கோடல் பொருந்தாது. குறிப்பு வழி காட்டும். வழி நடத்தல் நம் கடன்.

இனி அகச்சான்று. பண்டைத் தமிழில் முறைப்பெயர்கள் இடத்தை உட்கொண்டு நிற்பன. யாய் என்பது என் தாய். ஞாய் என்பது நின் தாய். எந்தை, நுந்தை என்பனவும் அவ்வாறே. முதலிரண்டு அடியிலும் இத்தகைய இணைகளும், மூன்றாம் அடியில் தன்மை முன்னிலைப் பெயர்களும் வருகின்றன. ஆக, மூன்றடியும் ‘என்னது, நின்னது’ என்ற பிரிவின்மேல் நிற்கின்றன. இறுதியடியிலோ நெஞ்சத்திற்கு உடையார் கூறப்பெறவில்லை. என் நெஞ்சம் என்றும் இல்லை; நின் நெஞ்சம் என்றும் இல்லை. படர்க்கைப் பன்மைச் சொல் ஒன்றே அவற்றைச் சுட்டுகின்றது. நெஞ்சங்கள் கலந்தன என்னும் பொருளை, உடைமைச் சொல் மறைந்த சொன்னடையும் உடன் கூறுகின்றது. தலைவி அஞ்சியது, ‘இவர் நமக்கு யாரோ’ என்பதாயின், ‘ஆம், யாரோதாம்’ என மூன்றடியில் உடன்பட்டுப் பின்னர் அவ்வேறுபாட்டையே இல்லையாக்குகின்றான் தலைவன். துணிபு இங்கே வேரூன்றுகின்றது.

4. விதியும் தெரிவும்

சான்று காட்டுவார் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அதனை எம் பிழையைக் கொண்டே கூறுதல் நேர்மை. யாம் முதுகலை பயின்ற காலத்து இப்பாட்டைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினேம். நான்காம் அடி ஏனைய அடிகளினும் குறுகியிருத்தலைக் கண்டு, ‘உணர்ச்சி மிகுதியால் தலைவனுக்குச் சொல் தடைப்பட்டது, அதனைக் காட்டவே புலவர் அடியைக் குறைத்தார்’ என்று பெருமிதத்துடன் எழுதினேம். திருத்திய ஆசிரியர் அவ்வரியை அடிக்கவில்லை. ஓரத்தில், ‘ஏனைய பாட்டுக்களைப் பார்த்தாயா?’ என்று மட்டும் எழுதியிருந்தார். நூலைப் புரட்டினேம். பக்கந்தோறும் ஈற்றயலடி முச்சீராகவே நின்றது! நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அது. குறுந்தொகைப் பாட்டுக்களில் மிகப் பல அப்பாவின. விதியால் வந்ததனைப் புலவரின் உணர்ச்சியால் வந்ததாக எழுதியிருந்தேம்.

அன்று கற்ற பாடம் இது: புலவர் வேறாகவும் செய்திருக்க இயலுமாயின் அது தெரிவு; இயலாதாயின் அது விதி. தெரிவே சான்றாகும். அடி குறைந்தது விதி. ஆனால், அச்சிந்தடியாக ஒடுங்கிய இடத்தில் வேறு சொல் கலவாமல் உவமையை மட்டும் வைத்தது தெரிவு. மூன்றாம் அடியின் வினை தன்மைப் பன்மையாயிற்று. தன்மையும் முன்னிலையும் சேரின் அவ்வாறு முடிதல் விதி. ஆகலின், அதனை ‘இருவரும் ஒன்றாயினர்’ என்பதற்குச் சான்றாக்குதல் ஆகாது. நெஞ்சத்தை ‘நம் நெஞ்சம்’ என்று கூறியிருக்கலாம், கூறவில்லை. இது தெரிவு. நல்ல கட்டுரை இவ்வேறுபாட்டைக் காத்து நிற்கும்.

5. மறுப்பை எதிர்கொள்ளல்

நன்னூற் பாயிரம் கூறும் மதம் ஏழனுள், பிறர் கருத்தை முதற்கண் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலும் ஒன்று. நம் உரையாசிரியர்கள் கடாவும் விடையுமாக எழுதியதும் இந்நெறியே. மாணாக்கர் கட்டுரைகளிலோ மறுப்பு என்பதே காணப்பெறுவதில்லை. தம் துணிபுக்கு வலிய மறுப்பைத் தாமே எழுப்பாதவர், அதனை முழுதும் நம்பியவர் ஆகார்.

ஈண்டு எழக்கூடிய மறுப்பு யாது? நிலத்தின் இயல்பால் நீர் திரிதலைத் திருக்குறளும் 452ஆம் குறளில் எடுத்தாள்கின்றது. ஆனால் அஃது இடம்பெறுவது சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில். அங்கே அந்நிகழ்ச்சி எச்சரிக்கையாகின்றது. அங்ஙனமாயின், நீர் தன் நிறம் இழத்தலைக் கூறும் உவமை அஞ்சிய தலைவிக்கு ஆறுதலாவது எங்ஙனம்? நீர் மாறுகின்றது, நிலம் மாறவில்லையே? இவ்வினாவைக் கண்டு ஒதுங்குதல் கூடாது. குறள் திரிதலைப் பொதுத்தன்மையாகக் கொண்டது. குறுந்தொகைப் பாட்டு, கலத்தல் என்னும் வினையால் தன் பொதுத்தன்மையை வரையறுத்துக்கொண்டது. கலந்தபின் பிரிக்கலாகாமையே இங்கு வேண்டப்படுவது, அஞ்சியதும் பிரிவையே. ஒரே இயற்கை நிகழ்ச்சி ஓரிடத்து அச்சமாகவும் ஓரிடத்து ஆறுதலாகவும் நிற்பதால், உவமையின் சிறப்புச் செம்மண்ணிலும் இல்லை, நீரிலும் இல்லை. அது விடையாக நிற்கும் இடத்தில் உள்ளது. மறுப்பு நம் துணிபை மெலிவிக்கவில்லை. அதற்குக் கூர்மை தந்தது.

6. அமைப்பு

இத்துணையும் கண்டபின் கட்டுரையை அமைத்தல் அரிதன்று. துணிபு முதற்பத்தியிலேயே வெளிப்படல் வேண்டும். புலவர் வரலாறும் நூல் வரலாறும் துணிபுக்கு வேண்டுமளவே இடம்பெறுக. ஒரு பத்திக்கு ஒரு சான்று என்க. மேற்கோள் சுருங்கி, அதன்பின் வரும் விளக்கம் விரிதல் நன்று. மேற்கோளை எழுதிவிட்டு அது தானே பேசும் என விடுத்தல் தகாது. உரையாசிரியரிடமிருந்து கொண்டதை அவர் பெயராற் கூறுக. முடிவுரை முன்னுரையின் மறுபடியாகாமல், இத்துணிபை ஏற்றால் பாட்டை இனி எவ்வாறு படிப்போம் என்பதைச் சொல்லுக. மேற்காட்டிய துணிபை ஏற்பார், முதல் மூன்றடியின் வினாக்களை வியப்பாக அன்றி உடன்பாடாகப் படிப்பர்.

வழிகாட்டி நூல்களிலும் இணையத்திலும் பாட்டுக்களின் நயங்கள் இன்று ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தொகுத்து மதிப்பெண் பெறுதலும் இயலும். ஆனால், ஐந்தடிப் பாட்டில் ஒரு சொல் ஏன் இல்லை என்று தாமே வினவி, தாமே விடை கண்ட மாணாக்கர், அப்பாட்டைப் பிறர் பாராட்டியதற்காகப் பாராட்டுபவர் அல்லர். சங்கப்பாட்டுக்கள் ஏட்டிலிருந்து அச்சேறி வாழ்கின்றன. இனி அவை படிப்பார் உள்ளத்தில் வாழ்தல் வேண்டுமாயின், அத்தகைய மாணாக்கர் பெருகுதல் வேண்டும். ஆசிரியராகிய யாம் செய்யத்தக்கது, அவர்தம் கட்டுரையின் ஓரத்தில் ஒரு நல்ல வினாவை எழுதுதலே.