பிடி நழுவினால் யார் பொறுப்பு?

மரக் கடைசல் பட்டறையில் சுழலும் கட்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ என்ற கருவியிலிருந்து கழன்று ஆளை அடித்துவிட்டால், ‘கவனமில்லாமல் வேலை செய்தான்’ என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பல நேரங்களில் இது அநியாயமான தீர்ப்பு. 10 அங்குல விட்டமுள்ள கிண்ணக் கட்டை நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சுற்றை 1,800 ஆக்கினால் அந்த வேகம் இரட்டிப்பாகும். அடியின் ஆற்றலோ நான்கு மடங்காகும். அப்படிப் பறந்து வரும் கட்டையிலிருந்து விலகிக்கொள்ள எவ்வளவு தேர்ந்த கைக்கும் நேரம் கிடைக்காது. கட்டை நிற்குமா, பறக்குமா என்பது சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, சக்கை வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. ஆகவே அதை விற்றவருக்கும், வேலைக்கு வாங்கிக் கொடுத்தவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

சக்கின் பிடி சாவியை முறுக்கும் பலத்தால் மட்டும் வருவதில்லை. கட்டையின் அடியில் கடைந்தெடுக்கும் குமிழும் சக்கின் நான்கு ஜாக்களும் (கவ்வும் தாடைகளும்) எப்படிப் பொருந்துகின்றன என்பதே முக்கியம். ஜாக்கள் ஏறக்குறைய மூடிய நிலையில்தான் அவற்றின் உட்புறம் முழு வட்டமாகும். குமிழ் அந்த அளவுக்கு நெருக்கமாக இருந்தால் ஜாவின் முழுப் பரப்பும் மரத்தைத் தழுவும். குமிழ் பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு ஜாவின் இரு மூலைகள் மட்டுமே, ஆக எட்டே இடங்களில், மரத்தில் அழுந்தும். முறுக்க முறுக்க மரம்தான் நசுங்கும். குமிழின் நுனி சக்கின் அடியில் முட்டக் கூடாது. அதைச் சுற்றியுள்ள தோள் ஜாக்களின் முகத்தில் படிந்து உட்கார வேண்டும். ஜாக்களைச் சக்கின் உடலுக்கு வெளியே வெகுதூரம் விரித்தால் உள்ளே ஓரிரு பற்களே கவ்வியிருக்கும்; அப்போது ஜாவே தெறித்துவிடலாம். சக் ஏறும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் மரையும் இப்படித்தான் பொருந்த வேண்டும். 33 மில்லிமீட்டர் மரையும், அங்குலத்துக்கு 8 மரை கொண்ட 1 அங்குல மரையும் ஒன்றுக்கொன்று சேராது. சேராததை டேப் சுற்றி ஏற்றுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். மரை அளவு, அதிகபட்சச் சுற்று, ஜா பிடிக்கும் விட்டம் ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாத சக்கை வாங்காதீர்கள்.

‘எங்கள் அப்பா காலத்தில் சக் ஏது?’ என்ற கேள்வி நியாயமானதே. கட்டில் காலும் பூரிக்கட்டையும் இரு முனைகளுக்கு இடையே நின்று கடையப்படுபவை; அந்த வேலை மட்டும் செய்பவர் சக்குக்குப் பணம் போட வேண்டியதில்லை. கிண்ணம் கடைபவருக்கு அந்தப் பதில் உதவாது. ‘இரும்பு லேத்தின் மூன்று ஜா சக் மலிவாகக் கிடைக்கிறதே’ என்பவர்கள், அதன் ஜாக்கள் மர வேலைக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதையும், துருத்தி நிற்கும் முனைகள் விரல் எலும்பை உடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல சக் வாங்கியவருக்கும் கடமை உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. கரடுமுரடான கட்டைக்கு அதற்கும் கீழே. முடிந்தவரை, கட்டையின் மறுபக்கத்தைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்து, முகக் கவசம் அணிந்து, கையுறையைக் கழற்றி, கட்டையின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று ஓட்டத் தொடங்க வேண்டும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைத் தொடவே கூடாது.

‘சட்டமெல்லாம் பெரிய ஆலைகளுக்குத்தான்’ என்ற நினைப்பு பலருக்கு இழப்பீட்டையே இல்லாமல் செய்துவிடுகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பொருள் வாங்குபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. தயாரிப்பில் குறை இருந்தாலும், சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் தராமல் விட்டிருந்தாலும், நேர்ந்த காயத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பெட்டியில் வந்த சரக்கென்றால் அந்தப் பொறுப்பு விற்றவர் தலையில் விழும். மாற்றியமைத்த, தவறாகப் பயன்படுத்திய பொருளுக்காக விற்றவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. ஜாவை அறுத்து வெல்டிங் செய்துவிட்டுப் போய்க் கேட்க இயலாது. கூலிக்கு வேலை செய்பவர் காயப்பட்டால் முதலாளியிடம் இழப்பீடு கோரும் உரிமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. ‘உன் கவனக்குறைவுதான்’ என்ற ஒற்றைச் சொல் அந்த உரிமையைப் பறித்துவிடாது.

உடைந்த சக்கைத் தூக்கிப் போடாதீர்கள், பழுதுபார்க்கவும் கொடுக்காதீர்கள். பில், பெட்டி, படங்கள், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில் இல்லாமல் எந்தச் சக்கையும் வாங்காதீர்கள்.