பல் சேர்ந்தாச்சு... ஈறு ஏன் புடைச்சிருக்கு?

"டாக்டர், பொண்ணுக்கு முன்பல் சந்து மூட கிளிப் போட்டோம். சந்து மூடிடுச்சு. ஆனா ரெண்டு பல்லுக்கும் நடுவுல எகிறு கட்டி மாதிரி வீங்கியிருக்கு. கரையறதுக்கு ஏதாவது மருந்து கொடுங்க!"

ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, 'புற்றுநோயா இருக்குமோ' என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. பெண்ணுக்கு வரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இடம் போதாமல் குவிந்து நின்ற ஈறுதான் அது! கிளிப் போட்ட டாக்டரும் பார்த்து அதையே உறுதி செய்தார். அந்தத் தாய்க்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈறு எங்கே போகும்?

முன்பற்கள் விலகியிருக்கும்போது நடுவே ஈறு அகலமாகப் படர்ந்திருக்கும். கிளிப்பின் கம்பி பற்களை மெல்ல மெல்ல நெருக்குகிறது. பல் போகிற பக்கம் எலும்பு கரைந்து வழிவிடும். விட்டுவந்த பக்கம் புது எலும்பு வளரும். ஆனால், ஈறு அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. திரைச்சீலையை ஒதுக்கினால் மடிப்பு விழுகிறதல்லவா? அதுபோல நடுவில் குவிந்து புடைக்கிறது.

பல் விட்டுவந்த பக்கம் ஈறு ஓரம் சிவப்பாகத் தெரியலாம். உள்ளே மறைந்திருந்த மெல்லிய தோல் வெளியே தெரிவதால் வரும் சிவப்பு அது. வாயைச் சுத்தமாக வைத்திருந்தால் இரண்டுமே சில மாதங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரத்தம் கசிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ விஷயம் வேறு. கம்பி இடுக்கில் அழுக்கு சேர்ந்து ஈறு அழன்றிருக்கிறது என்று அர்த்தம். புடைப்பு வளர்ந்துகொண்டே போனாலும் தாமதிக்காமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஈறு லேசில் மறக்காது!

ஈறுக்குள் பல்லைச் சுற்றி நார்கள் ஓடுகின்றன. பல் நகரும்போது இவை ரப்பர்போல இழுபட்டு நிற்கும். பல்லையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் சீராக 3 முதல் 4 மாதம் ஆகும். ஈறில் உள்ள நார்களுக்கு 4 முதல் 6 மாதம். அதிலும் மீள்தன்மையுள்ள நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை, 'பழைய இடத்துக்கே வா' என்று பல்லை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் கிளிப்பைக் கழற்றியதும் 'ரிட்டெய்னர்' மாட்டச் சொல்கிறார்கள். முன்பல் சந்துக்குப் பல்லின் உள்பக்கம் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவதும் உண்டு. 'பல்லுதான் சேர்ந்தாச்சே' என்று ரிட்டெய்னரை டப்பாவில் போட்டு வைத்தால் சந்து திரும்ப வந்துவிடும். செலவழித்த பணமும் வீண், பட்ட சிரமமும் வீண்!

மேலுதட்டிலிருந்து ஈறுக்கு இறங்கும் சதை மடிப்பு சிலருக்குத் தடித்திருக்கும். தேவைப்பட்டால் சிறு அறுவை செய்வார்கள். பொதுவாகச் சந்தை மூடிய பிறகே செய்வது வழக்கம். முன்பே செய்தால் தழும்பு குறுக்கே நிற்கலாம்.

பெரியவர்கள் கவனிக்க...

நாற்பது வயதுக்கு மேல் புதிதாகச் சந்து விழுகிறதா? 'அதிர்ஷ்டம்' என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ஈறு நோயால் எலும்பு தேய்ந்து பல் விலகியிருக்கலாம். சர்க்கரையையும் பரிசோதியுங்கள். ஈறு நோயைக் குணப்படுத்திய பிறகுதான் கிளிப்.

இவர்களுக்கு ஈறு புடைப்பதற்குப் பதில், பற்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணமாக இடைவெளி தெரியலாம். பற்கள் தொடும் இடத்திலிருந்து எலும்பின் விளிம்புவரை 5 மி.மீ.க்குள் இருந்தால் ஈறு அநேகமாக முழுதும் நிரப்பிவிடும். 7 மி.மீ. ஆனால் நூற்றில் 27 இடங்களில்தான் நிரம்பியது என்கிறது 1992-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு.

இன்னொரு எச்சரிக்கை. பல்லில் நீங்களாகவே ரப்பர் பேண்ட் மாட்டாதீர்கள்! வேர்ப்பக்கம் பல் குறுகலாக இருப்பதால், ரப்பர் நழுவி ஈறுக்குள் ஏறிவிடும். எலும்பை அரித்து, நல்ல பல்லே விழுந்துவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மென்மையான பிரஷ்ஷால் காலை, இரவு இருவேளையும் துலக்குங்கள். கரித்தூள், உப்புத்தூள் வேண்டாம், ஈறைக் கீறிவிடும். ஒரு ஸ்பூன் திரிபலா சூரணத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, நன்றாக வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளிக்கலாம். அதன் துவர்ப்பு ஈறுக்கு இதம். ஆனால், புடைப்பைக் கரைக்கும் மருந்து என்று நினைக்காதீர்கள். பிரஷ்ஷுக்கும் ரிட்டெய்னருக்கும் அது ஈடாகாது.

அந்தப் பெண் அரை வருடம் கழித்து வந்தாள். புடைப்பு நன்றாகவே வடிந்திருந்தது. "ரிட்டெய்னர் போடறியாம்மா?" என்று கேட்டேன். அம்மா முந்திக்கொண்டார்: "நான் விட்டாதானே, டாக்டர்!"