முட்டைக்கோழியின் எலும்பு கரைவது ஏன்?

சென்ற கோடையில் இராசிபுரம் பக்கம் ஒரு மக்காச்சோள வயலைப் பார்க்கப் போயிருந்தேன். வயலுக்குரியவர் பயிரை விட்டுவிட்டு என்னைத் தம் கோழிக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். கூண்டில் ஒரு கோழி எழ முடியாமல் சாய்ந்து கிடந்தது. கொண்டை சிவப்பாகவே இருந்தது. காலையில் முட்டையும் இட்டிருந்தது. நோய் என்று எண்ணி மருந்துக்கு நிறையச் செலவழித்துவிட்டார். நான் பயிர்த்துறைக்காரன், ஆகவே கால்நடை மருத்துவ நண்பர் ஒருவரை வரவழைத்தோம். முதல் நாள் இறந்திருந்த கோழியின் கால் எலும்பை அவர் விரலாலேயே ஒடித்துக் காட்டினார்.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உள்ளது. கோழியின் எலும்புகள் அனைத்திலும் சேர்த்தே ஏறத்தாழ 20 கிராம்தான் இருக்கும். உடலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு முட்டையோடும் வெளியேறுகிறது என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. பகலில் தின்ற தீவனம் விடியுமுன் தீர்ந்துவிடும். மீதிக்குக் கோழி தன் எலும்பில்தான் கை வைக்கிறது.

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. அதைக் கட்டும் செல்கள் ஒருவகை. கரைக்கும் செல்கள் மற்றொரு வகை. கரைக்கும் செல்லாக வளர வேண்டிய இளஞ்செல்லின் மேற்பரப்பில் 'ரேங்க்' என்னும் புரதம் பூட்டுப்போல் அமைந்துள்ளது. அதற்குரிய சாவியான 'ரேங்க்-எல்' என்ற புரதம் கட்டும் செல்லின் மேற்பரப்பிலேயே இருக்கிறது! கொத்தனாரே இடிப்பவனுக்கு ஆணையிடுவது போன்றது இது. சாவி பூட்டில் பொருந்தினால் இளஞ்செல் முதிர்ந்து, அமிலத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கும். இதைத் தடுக்க மூன்றாவது புரதம் ஒன்றும் உண்டு. 1997-இல் கண்டறியப்பட்ட அதன் பெயர் 'ஆஸ்டியோபுரோட்டெஜெரின்'. அது முந்திக்கொண்டு சாவியைப் பற்றிக்கொள்ளும். மனிதருக்கும் கோழிக்கும் இந்த ஏற்பாடு பொதுவானது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வுக்கென அமெரிக்காவில் 2010-இல் அனுமதிக்கப்பட்ட 'டெனோசுமாப்' ஊசி இந்தச் சாவியை மறிக்கும் மருந்தேயாகும்.

இரத்தத்தில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்கிறது. அதன் ஹார்மோன் கட்டும் செல்லில் சாவிகளைப் பெருக்குகிறது. இதற்காகவே முட்டையிடத் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்து, கால் எலும்பின் உட்குழியில் மென்மையான எலும்பைக் கோழி சேர்த்து வைக்கிறது. குதிரில் நெல் சேர்ப்பது போலத்தான். ஆனால் கரைக்கும் செல் குதிரோடு நிற்பதில்லை. வீட்டுச் சுவரையும் அரிக்கிறது. முட்டையிடும் காலத்தில் அந்தச் சுவரெலும்பு மீண்டும் கட்டப்படுவதில்லை. நடமாட்டமில்லாத கூண்டு வாழ்க்கை எலும்பை மேலும் நலிவடையச் செய்கிறது.

கோழிக்கு ஊசி தேவையில்லை. இரவில் குடலில் கால்சியம் இருந்தால் சாவிக்கு வேலை குறையும். நாள் ஒன்றுக்கு 110 கிராம் தீவனம் தின்னும் கோழிக்கு 4 கிராம் கால்சியமாவது அதில் இருக்க வேண்டும். அதில் பாதியையேனும் 2 முதல் 4 மில்லி மீட்டர் பருமனுள்ள கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் குருணையாகக் கொடுங்கள். தூள் விரைவில் கரைந்து போய்விடும். குருணையோ இரைப்பையில் தங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். தீவனத்தின் ஒரு பகுதியை மாலையில் இடுங்கள். கோடையில் இது மிகவும் அவசியம். வெயிலில் கோழி குறைவாகத்தான் தின்னும். பாஸ்பரசும் வைட்டமின் டி3-யும் குறையலாகாது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல் அன்று. சேலத்து வெள்ளைக்கல் மாக்னசைட் ஆகும். அதைத் தீவனத்தில் கலக்க வேண்டாம். வளரும் குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் கொடுப்பதும் தவறு. மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

சாய்ந்து கிடக்கும் கோழியை உடனே கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டு, எட்டும் தூரத்தில் நீர், தீவனம், கிளிஞ்சல் வையுங்கள். பல கோழிகள் ஒரு வாரத்திற்குள் எழுந்து நிற்கும். இளங்கோழிகள் கால் வீழ்ந்து கிடந்தால் மாரெக்ஸ் போன்ற நோயாகவும் இருக்கலாம். அப்போது காலம் கடத்தாமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லுங்கள். இராசிபுரத்துக் கொட்டகையில் இப்போது மாலை நான்கு மணிக்குக் கிளிஞ்சல் போடுகிறார்கள்.