கிளியூர் மலையும் நடுநிலைப் பள்ளி அறிவியலும்

திருமறையின் ஃபாத்திர் அத்தியாயம் 27, 28ஆம் வசனங்கள் மலைகளில் தோன்றும் வெண்மை, செம்மை, கருமை ஆகிய நிறங்களைச் சுட்டிய பின்னர், அதே தொடர்ச்சியில் அறிவுடையோரின் இறையச்சத்தைப் பேசுகின்றன. மலையின் நிறத்தை உற்று நோக்குவதற்கும் ஆலிமாவதற்கும் இடையே மறை காட்டும் இந்நெருக்கம் சிந்திக்கத்தக்கது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்வோர் அம்மூன்று நிறங்களையும் ஒரே நாளில் கண்டுவிடலாம். அடிவாரத்தில் மேக்னசைட் எனும் வெண்கல். மலையின் உடலெங்கும் சார்னோகைட் எனும் கரிய பாறை. உச்சிகளில் செம்மண்ணோடு கலந்த பாக்சைட். ஏற்காடு ஏரியின் மிகைநீர் சுமார் 300 அடி ஆழத்தில் அருவியாக விழும் கிளியூர்ப் பள்ளத்தாக்கும் இம்மலையின் ஒரு பகுதியே.

இத்தகைய மலையில் வாழும் 6, 7, 8ஆம் வகுப்புச் சிறார்க்கு ஆய்வுக்கூடம் இல்லாததால் அறிவியல் கற்பிக்க இயலவில்லை என்று கூறுவது பொருந்துமா? அரபுக் கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். மனனம் செய்வதன் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறிந்தவர்கள் நாம் என்பதே நம் விடை. மூலபாடத்தை மனனம் செய்த மாணவர் அதன் விளக்கவுரையை ஆராயாவிடில் ஆலிமாவதில்லை. அறிவியலில் இயற்கையே மூலபாடம். பாடநூல் அதற்கு எழுதப்பட்ட விளக்கவுரை மட்டுமே. இன்று பல வகுப்பறைகளில் விளக்கவுரை மனனம் செய்யப்படுகிறது. மூலபாடமோ திறக்கப்படுவதே இல்லை.

பஸ்ராவில் 965இல் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் சோதனையைக் குறிக்க ‘இஃதிபார்’ என்ற சொல்லை ஆண்டார். கடத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. பார்வையுடையோரைப் படிப்பினை பெற அழைக்கும் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 2ஆம் வசனத்தில் உள்ள ஏவல் வினையும் அவ்வேரினதே. கண்டதிலிருந்து காணாததற்குக் கடந்து செல்வதே இஃதிபார். இக்கடத்தலை வகுப்பறையில் நிகழ்த்தும் வழிகள் சிலவற்றை இங்குக் காண்போம்.

முதலாவது, நீரின் கொதிநிலை. நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று பாடநூல் கூறுகிறது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் அளந்தால் வெப்பநிலைமானி ஏறக்குறைய 95 பாகையிலேயே நின்றுவிடும். சுமார் 300 மீட்டர் ஏறுவதற்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைவதே காரணம். ஆசிரியரின் தகுதி வெளிப்படும் இடம் இதுதான். 95 என்று கண்ட சிறுவன் அதனை அழித்துவிட்டு 100 என்று எழுதுவானாயின், தன் கண் கண்டதற்கு மாறாக அவன் சாட்சி கூறுகிறான். அச்சாட்சியை ஆசிரியர் சரி என்று குறியிட்டு ஏற்பாராயின், அவர் கற்பித்தது அறிவியலும் அன்று, அமானிதமும் அன்று.

எனவே அடுப்பை மூட்டுவதற்கு முன்னரே, எத்தனை பாகையில் கொதிக்கும் என்ற கணிப்பை ஒவ்வொரு மாணவரும் எழுதிக்கொள்ளட்டும். அடுப்பை ஆசிரியரே கையாள வேண்டும். 110 பாகை வரை அளக்கும் பாதரசமற்ற வெப்பநிலைமானி தேவை. காய்ச்சல் பார்க்கும் மானியை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீருக்குள் இருத்தல் வேண்டும். அதே நாளில் சேலத்துப் பள்ளியொன்றிலும் இச்சோதனையை நடத்தச் செய்து, தொலைபேசியில் அளவுகளைப் பரிமாறிக்கொள்ளலாம். அங்கே ஏறக்குறைய 99 பாகை கிடைக்கும். மானி பழுதா, நூல் பிழையா, மலைக்கு ஏதேனும் பங்கு உண்டா என்ற வினா அப்போது மாணவரிடமிருந்தே எழும். மேலே செல்லச் செல்ல நம்மை அழுத்தும் காற்றின் எடை குறைகிறது என்னும் காணாத உண்மைக்கு அவர்கள் கடந்து செல்வார்கள். மலையில் பருப்பு வேக நேரமாவதும், குக்கரில் விரைவில் வேகுவதும் ஒரே விதியின் இரு முகங்கள் என்பதும் விளங்கும். நூல் பொய்யுரைக்கவில்லை, கடல்மட்ட அழுத்தத்திற்குரிய அளவையே அது கூறியது என்பதைத் தெளிவுபடுத்துவது ஆசிரியரின் இறுதிக் கடமை.

இரண்டாவது, கல்லை நிறுத்தல். 973இல் பிறந்த அல்பீரூனி, நீர் வழியும் குழாய் பொருத்திய கூம்பு வடிவக் கலத்தில் மணிகளையும் உலோகங்களையும் இட்டு, வெளியேறிய நீரைக் கொண்டு அவற்றின் ஒப்படர்த்தியைக் கணித்தார். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டி, பக்கத்தில் துளையிட்டு, உறிஞ்சுகுழலைச் செருகி மெழுகால் அடைத்தால் அக்கலம் ஆயத்தம். குழல்வாய் வரை நீரை நிரப்பி, நனைத்த கல்லை நூலில் கட்டி மெல்ல இறக்க வேண்டும். 300 கிராம் மேக்னசைட் கல் சுமார் 100 மில்லி லிட்டர் நீரை வெளியேற்றும். அதே எடையுள்ள சார்னோகைட் சற்றுக் கூடுதலாக வெளியேற்றும். துளைகள் நிறைந்த பாக்சைட் ஒவ்வொரு துண்டிலும் வேறு விடை தரும். ஏன் என்பதை மாணவரே ஆராயட்டும். சேலத்து வெண்கல் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் சுண்ணக்குன்றுகள் என்ற பொருளில் பெயரிட்டனர். முட்டையோட்டின் மீதும் வெண்கல்லின் மீதும் ஒவ்வொரு துளி வினிகர் விட்டுப் பார்த்தால், முன்னதில் குமிழிகள் எழும்; பின்னதில் பெரிதாக ஒன்றும் நிகழாது. நிறத்தைக் கண்டு பெயரிடுதல் போதாது என்ற பாடம் ஒரு துளியில் கிட்டும்.

மூன்றாவது, ஒளி. இப்னுல் ஹைஸம் பல விளக்குகளை ஒரு துளைக்கு எதிரே வைத்து, இருட்டறைச் சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றுவதைக் கண்டார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறையும். காலணிப் பெட்டி ஒன்று, அதன் ஒருபுறம் ஊசித்துளை, மறுபுறம் எண்ணெய் தடவிய தாள், எதிரே மூன்று மெழுகுவத்திகள் ஆகியவற்றைக் கொண்டு அச்சோதனையை நம் வகுப்பில் நிகழ்த்தலாம். இடப்பக்க மெழுகுவத்தியை மறைத்தால் எந்தப் புள்ளி மறையும் என்பதை முன்கூட்டியே எழுதச் செய்தால், ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்ற வாக்கியத்தை நாம் கூறவேண்டிய தேவையே எழாது.

நான்காவது, மழை. செங்குத்தான சுவருடைய புட்டி ஒன்றைத் திறந்த வெளியில் நட்டு, நாள்தோறும் அதில் சேரும் நீரின் உயரத்தை மில்லி மீட்டரில் குறிக்கட்டும். ஒரு மில்லி மீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீராகும். ஏரி நிரம்பி வழிந்த நாள், அருவி பெருகிய நாள், அது மெலிந்த நாள் ஆகியவற்றையும் அருகே எழுதி வந்தால், கோடையில் கிளியூர் அருவி ஏன் வறள்கிறது என்பதற்கு அவர்களது குறிப்பேடே விடை கூறும். அருவியின் வழுக்குப் பாறைகளுக்குச் சிறாரை இட்டுச் செல்லுதல் இதற்குத் தேவையில்லை.

இந்நான்கிற்கும் பொதுவான முறைகள் சில உள. பெயரை முதலில் கூறலாகாது. பொருளைக் கண்ட பின்னரே கலைச்சொல் வரவேண்டும். நால்வர் கொண்ட குழுவில் ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் வினா எழுப்ப, பணிகள் முறைவைத்து மாறவேண்டும். இல்லையேல் துடுக்கானவர் கையிலேயே கருவி தங்கிவிடும். குழுக்களின் அளவுகளைக் கரும்பலகையில் அப்படியே எழுதி, வேறுபாட்டின் காரணத்தை ஆராய வேண்டும். விடையைச் சொல்லுமுன் சிறிது நேரம் மௌனமாயிருக்கும் பொறுமையும் ஆசிரியருக்கு வேண்டும்.

இவை வெறும் கனவுகள் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், 2002 வரை 30 ஆண்டுகள் சோதனை வழியிலேயே நடைபெற்றது. தேர்விலும் நூலைத் திறந்து பார்க்க அங்கு அனுமதி இருந்தது. அதில் பங்கேற்ற அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் பழைய குழாய்த் துண்டும் கொண்டு செய்யும் கருவிகளைப் பற்றிய நூல்களை யாவரும் இலவசமாகப் பெறும்படி இணையத்தில் வைத்துள்ளார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ சிறுவர் இதழும் உண்டு. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென ‘வானவில் மன்றம்’ 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பெற்றது. நம் சமுதாயப் பள்ளிகளும் மதரஸாக்களும் இம்முயற்சிகளிலிருந்து தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. நம் மேடைகளில் இப்னுல் ஹைஸமின் பெயரும் அல்பீரூனியின் பெயரும் பெருமிதத்துடன் முழங்கப்படுகின்றன. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் முன்னரே மறையில் உள்ளது என்று கூறி மனநிறைவு கொள்வோரும் உளர். மறை நம்மைப் பார்க்கச் சொன்னது. பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளச் சொல்லவில்லை. அம்மேதைகள் நமக்கு விட்டுச் சென்ற சொத்து அவர்களது புகழ் அன்று. துளையிட்ட இருட்டறையும் நீர் வழியும் கலமுமே ஆகும். அப்பெயர்களை ஒருமுறை குறைத்துக் கூறினாலும் குறையில்லை. நம் பிள்ளைகளின் கையில் ஒரு வெப்பநிலைமானியைக் கொடுத்து, அவர்கள் கண்ட 95ஐ 95 என்றே எழுதத் துணை நிற்போமாக. வல்ல இறைவன் அதற்கு நமக்கு அருள்புரிவானாக.