தெகிடி: திருடனுக்குப் போட்ட பூட்டு

'விண்மீன் விதையில்' பாட்டு உங்க பிளேலிஸ்ட்ல கண்டிப்பா இருக்கும். அந்தப் பாட்டு வந்த படத்தைப் பார்த்தீங்களான்னு கேட்டா, பாதிப் பேர் யோசிப்பீங்க. படம் பேரு 'தெகிடி'. 2014 பிப்ரவரியில வந்தது. பி. ரமேஷ் இயக்கம், சி.வி. குமார் தயாரிப்பு. அசோக் செல்வன், ஜனனி ஐயர் நடிச்சது. பெரிய ஸ்டார் இல்லை, பிரம்மாண்டம் இல்லை, சின்ன பட்ஜெட். ஆனா இன்ஷூரன்ஸ் மோசடியை மையமா வச்சு தமிழ்ல இவ்வளவு நேர்த்தியா வந்த படம் ரொம்பக் குறைவு.

கதையோட முக்கிய முடிச்சை இங்கேயே அவிழ்க்கப் போறேன். படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

ஹீரோ வெற்றி கிரிமினாலஜி படிச்சவன். அது ஏதோ வெளிநாட்டுப் படிப்புன்னு நினைக்காதீங்க. நம்ம திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில, மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல அதுக்குத் தனித் துறையே இருக்கு. வெற்றிக்கு சென்னையில ஒரு தனியார் துப்பறியும் நிறுவனத்துல வேலை கிடைக்குது. ஒரு ஆளைக் காட்டுவாங்க. அவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எங்க சாப்பிடுறார், யார்கிட்ட பேசுறார் எல்லாத்தையும் பின்தொடர்ந்து ரிப்போர்ட் எழுதணும். அந்த ஆளோட பேசக் கூடாது, பழகக் கூடாது. வேலை நல்லாத்தான் போகுது. கொஞ்ச நாள் கழிச்சுத்தான், தான் ரிப்போர்ட் எழுதின ஆட்கள் ஒவ்வொருத்தரா சாகுறாங்கன்னு அவனுக்குத் தெரிய வருது. அவன் சேகரிச்ச தகவல்தான் இன்ஷூரன்ஸ் மோசடிக்கும் கொலைக்கும் கச்சாப்பொருள்.

தெகிடின்னா பழைய தமிழ்ல சூது, வஞ்சனை. இந்தத் தலைப்புக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நிஜமாவே ஒரு பழைய தொடர்பு இருக்கு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல, முன்பின் தெரியாத ஒருத்தர் உயிர் மேல நீங்க பாலிசி எடுக்கலாம். அவர் செத்தா உங்களுக்குப் பணம். அப்பட்டமான சூதாட்டம். அதை நிறுத்தத்தான் 1774ல ஆயுள் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தாங்க. அதுக்கு இன்னொரு பேரே சூதாட்டச் சட்டம்தான். அந்த ஆள் உயிரோட இருக்கிறதுல உங்களுக்கு ஒரு நியாயமான நலன் இருந்தாத்தான் அவர் பேர்ல பாலிசி எடுக்க முடியும்னு அது சொன்னது. இதுதான் 'இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்'. கணவன் மேல மனைவி எடுக்கலாம். எதிர்வீட்டுக்காரர் மேல நான் எடுக்க முடியாது.

இது முதல் பூட்டு. தெகிடியில வர்ற கும்பல் இந்தப் பூட்டை உடைக்கலை, கள்ளச்சாவி போட்டுத் திறக்குது. அந்தச் சாவி செய்யத்தான் வெற்றியோட ரிப்போர்ட்.

நிஜத்துல இன்னொரு வழியை முயற்சி பண்ணவரு சுகுமார குறுப்பு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியா மலையிறங்கினா கேரளா. அங்க மாவேலிக்கரை பக்கத்துல, 1984 ஜனவரியில ஒரு அம்பாசிடர் கார் எரிஞ்சு கிடந்தது. உள்ளே ஒரு உடல். அபுதாபியில வேலை பார்த்த குறுப்புதான் செத்துட்டார்னு ஊரே நம்பணும், இன்ஷூரன்ஸ் பணம் வரணும். அதுதான் திட்டம். ஆனா ஒருத்தர் உயிரோட இருக்கும்போது தீப்பிடிச்சா, மூச்சுக்குழாய்ல கரி படியும். அந்த உடல்ல அது இல்லை. லிஃப்ட் கொடுக்கிறதா ஏத்திக்கிட்ட ஒரு ஆளை முதல்ல கொன்னுட்டு, அப்புறம் எரிச்சிருக்காங்க. அவர் வீட்டுல கர்ப்பிணி மனைவி காத்துக்கிட்டிருந்தாங்க. அதே வருஷம் இயக்குநர் பேபி 'என்.எச். 47'னு மலையாளத்துல இதைப் படமாவே எடுத்துட்டார். 2021ல துல்கர் சல்மான் நடிச்ச 'குறுப்'பும் இதே கதைதான். கூட்டாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது. குறுப்பு இன்னிக்கு வரைக்கும் சிக்கலை.

இப்படிப்பட்ட ஆட்களைப் பிடிக்க ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்கு. இந்தியாவுல 1938ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டம், பிரிவு 45. 2015ல திருத்தின பிறகு அது சொல்றது இதுதான்: பாலிசி தொடங்கி 3 வருஷம் ஓடிட்டா, எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. 3 வருஷத்துக்குள்ள மரணம் வந்தா விசாரிக்கலாம். நம்ம பாஷையில சொன்னா ஒரு 'இஃப்' கண்டிஷன். பணத்துக்காகக் கொல்றவன் 3 வருஷம் பிரீமியம் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டான்ங்கிறது கணக்கு.

நியாயமான கணக்குதான். ஆனா கோடு எழுதுறவங்களுக்கு ஒண்ணு தெரியும். எந்த ஃபில்டர் போட்டாலும் தப்பு ரெண்டு பக்கமும் நடக்கும். திருடனை விட்டுடுறது ஒரு தப்பு. நல்லவங்களைத் திருடன்னு காட்டுறது இன்னொரு தப்பு. சினிமா எப்பவும் முதல் தப்பைத்தான் காட்டும். ரெண்டாவதை நான் அம்பாசமுத்திரத்துல எங்க சித்தி வீட்டுல பார்த்தேன்.

சித்தப்பா அஞ்சு லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்திருந்தார். 19ஆவது மாசம் மாரடைப்பு. கம்பெனியில இருந்து விசாரணைக்கு ஒருத்தர் வந்தார். தெருவுல நாலு வீட்டுல கேட்டார், டீக்கடையில கேட்டார், மெடிக்கல் ஷாப்ல பில் கேட்டார். சித்தப்பா சுகர் மாத்திரை வாங்கின பில் கிடைச்சது. ஃபார்ம்ல 'சர்க்கரை நோய் உண்டா?'ங்கிற கேள்விக்கு 'இல்லை'ன்னு டிக் இருந்தது. தெகிடியில வெற்றி ரகசியமாப் பண்ற அதே வேலையை இவர் சட்டப்படி பண்ணார். அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா அவர் போனப்புறம் சித்தி என்கிட்ட கேட்டாங்க: "ஏலே, நான் அவுகள என்னமும் செஞ்சிட்டேன்னா நெனைக்காவ?"

கிளெய்ம் நிராகரிச்சு லெட்டர் வந்தது. காரணம்: மோசடி.

அப்பத்தான் நான் பிரிவு 45ஐ முழுசாப் படிச்சேன். மோசடின்னு கம்பெனி சொன்னா, பாலிசிதாரர் உயிரோட இல்லாதப்ப, அப்படி இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது பணம் பெற வேண்டியவங்க. அதாவது சித்தி. செத்துப்போனவர் மனசுல என்ன இருந்ததுன்னு உயிரோட இருக்கிறவங்க நிரூபிக்கணும். அதே பிரிவுல இன்னொரு வரியும் இருக்கு. பாலிசியைப் பேசி எடுக்க வைக்கிறவர், ஒப்பந்தம் உருவாகுற விஷயத்துல கம்பெனியோட ஏஜென்ட்டாத்தான் கருதப்படுவார்.

ஃபார்ம் நகலை எடுத்துப் பார்த்தோம். எல்லா டிக்கும் எல்லா எழுத்தும் ஒரே இங்கிலீஷ் கையெழுத்து. கீழே மட்டும் சித்தப்பாவோட தமிழ்க் கையெழுத்து. ஏஜென்ட் வீட்டுக்குப் போனோம். நல்ல மனுஷன், மறைக்கலை. "சொன்னாருப்பா. சின்ன விஷயந்தானேன்னு நான்தான் விட்டுட்டேன்"னு எழுதியே கொடுத்தார். அந்த ஒரு தாளை வச்சு இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர்கிட்ட, அதாவது ஓம்பட்ஸ்மேன்கிட்ட போனோம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி நிராகரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும். இப்ப 50 லட்சம் வரைக்குமான வழக்குகளை அங்க எடுத்துக்கறாங்க. பணம் வர மொத்தம் 14 மாசம் ஆச்சு. அதுக்குள்ள தெருவுல நாலு பேர் நாலு விதமாப் பேசியாச்சு. அதுக்கு எந்த குறைதீர்ப்பாளரும் கிடையாது.

முதல் வேலையில சேர்ந்து, வரி மிச்சம் பண்ண அவசரத்துல பாலிசி எடுக்கிற நம்ம ஆளுங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, ஃபார்மை நீங்களே நிரப்புங்க. சுகர், பிரஷர், சிகரெட், எது இருந்தாலும் எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ரெண்டு, பாலிசி கையில வந்ததும் ஃபார்ம் நகலைப் படிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். மூணு, உங்க நாமினிகிட்ட அப்படி ஒரு பாலிசி இருக்குன்னு சொல்லுங்க. என்னைக்காவது அதுக்காகப் பேசப் போறது அவங்கதான், நீங்க இருக்க மாட்டீங்க.

போன தீபாவளிக்கு அம்பாசமுத்திரத்துல டிவியில தெகிடி ஓடிக்கிட்டிருந்தது. வெற்றி ஒளிஞ்சு நின்னு ஒருத்தரைப் பத்தி நோட்ல எழுதுற இடம். சித்தி ரிமோட்டை எடுத்து சேனலை மாத்திட்டாங்க. நான் ஒண்ணும் கேட்கலை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.