சில்லின் பின்னால் ஒரு தகடு: அழகுக்கும் ஆபத்துக்கும் இடையில் சில மில்லி மீற்றர்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் புதிய வாகனம் வாங்கும் வாய்ப்பை இழந்த பலர், கையிலிருந்த வாகனத்தையே மெருகூட்டிப் பார்க்கத் தலைப்பட்டனர். ஜப்பானிலிருந்து வந்த பழைய அலோய் சில்லுகளும், தாழ்த்தப்பட்ட ஸ்பிரிங்குகளும், சில்லை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் தகடுகளும் அக்காலத்தில் நன்றாகவே கைமாறின. இறக்குமதி திறந்து விடப்பட்ட பின்னரும் அந்த ஆர்வம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆர்வத்தை நாம் குறை கூறப் போவதில்லை. ஆனால் ஸ்பேசர் என்பது வாகனத்தின் மேற்பூச்சைப் போன்றதோர் அலங்காரமன்று. சில்லு வாகனத்துடன் இணையும் அந்த ஒரேயோர் இடத்தில் கை வைக்கும் வேலை அது. ஆகவே அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

எமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சில காலத்திற்கு முன்னர் தமது டொயோட்டா 86 காரை எம்மிடம் கொண்டு வந்து காட்டினார். மணிக்கு 80 கிலோ மீற்றரைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்பது அவரது முறைப்பாடு. சில்லுகளை இரு முறை பலன்ஸ் செய்தும் பயனில்லை. சில்லைக் கழற்றிப் பார்த்தபோது, லேத் பட்டறையொன்றில் கடைந்தெடுக்கப்பட்ட 10 மில்லி மீற்றர் அலுமினியத் தகடு ஒன்று உள்ளே இருந்தது. நடுத்துளை ஹப்பை விடப் பெரிதாக இருந்தது. ஸ்டட்டுகளோ தொழிற்சாலையில் பூட்டப்பட்ட அதே பழைய ஸ்டட்டுகள். நட்டைக் கையால் திருப்பி எண்ணினோம். ஐந்து சுற்றுக்களுடன் அது நின்று விட்டது. அந்த ஐந்து சுற்றுக்களை நம்பித்தான் அவர் கொழும்புக்கும் ஊருக்குமாக ஓடித் திரிந்திருக்கிறார்.

ஐந்து சுற்று ஏன் போதாது என்பதை விளங்கிக் கொள்வதற்கு, சில்லு எவ்வாறு ஹப்பில் நிற்கிறது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். ஸ்டட்டுகளில் சில்லு தொங்குகிறது என்றே பெரும்பாலானோர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட உருக்கு மீண்டும் சுருங்க முயல்வதால் சில்லின் பின்முகம் ஹப்பின் முகத்துடன் பெரும் விசையுடன் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் வாகனத்தின் பாரத்தையும், பிரேக்கின் விசையையும், வளைவுகளின் பக்கவிசையையும் தாங்குகிறது. டொயோட்டா 86 இன் நட்டுகளை 120 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையில் இறுக்குமாறு கைந்நூல் கூறுகிறது. 12 மில்லி மீற்றர் விட்டமுள்ள உலர்ந்த இழைக்கு வழக்கமான கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்டட்டும் ஏறத்தாழ ஐந்து தொன் விசையுடன் சில்லைப் பிடித்திழுக்கிறது. ஐந்து ஸ்டட்டுகளும் சேர்ந்தால் இருபத்தைந்து தொன். வாகனத்தின் மொத்த எடையோ ஒன்றேகால் தொன் அளவுதான்.

இத்தனை விசையையும் ஏந்துவது நட்டின் உள்ளே ஒன்றையொன்று கவ்வி நிற்கும் இழைகளாகும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்திற்கு இழைகள் கவ்வியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இந்தக் காரின் ஸ்டட் 12 மில்லி மீற்றர் விட்டமும் இழைக்கு இழை 1.25 மில்லி மீற்றர் இடைவெளியும் கொண்டது. எனவே பத்துச் சுற்றுக்களாவது வேண்டும். 1.5 மில்லி மீற்றர் இடைவெளியுள்ள ஹொண்டா, மஸ்டா கார்களுக்கு எட்டுச் சுற்றுக்கள். இப்போது கணக்குப் பாருங்கள்: 10 மில்லி மீற்றர் தகடு, 1.25 இழையில் சரியாக எட்டுச் சுற்றுக்களை விழுங்கி விடுகிறது. தகட்டை வாங்குவோர் அதன் தடிப்பைப் பார்க்கிறார்களே தவிர இந்த எட்டைப் பார்ப்பதில்லை. முனை மூடிய நட்டாக இருந்தால் இன்னொரு பொறியும் உண்டு. ஸ்டட் அதன் அடியில் முட்டி நின்று, சில்லு இறுகாமலேயே இறுகியது போன்ற தோற்றத்தைத் தந்து விடும்.

ஸ்பேசர் எதற்காகப் பூட்டப்படுகிறது என்ற கேள்விக்கு நேர்மையான பதில்கள் மூன்று உண்டு. பெரிய பிரேக் கலிப்பர் பூட்டியதால் சில்லு அதில் முட்டுவது ஒன்று. அகலமான சில்லின் உட்புறம் சஸ்பென்சனில் உரசுவது மற்றொன்று. மட்காட்டினுள் சில்லு ஒடுங்கி நிற்பது பார்க்க அழகாக இல்லை என்பது மூன்றாவது. எம் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேர் மூன்றாவது காரணத்திற்காகவே வருகின்றனர். அது குற்றமன்று. ஆனால் அவர்களுள் பலர், வாகனம் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்ற நான்காவது காரணத்தையும் சேர்த்துச் சொல்வர்.

அந்தக் காரணத்தில் உண்மை உண்டு, ஆனால் மிகச் சிறிய உண்மை. வளைவில் செல்லும்போது உட்பக்கச் சில்லுகளிலிருந்து வெளிப்பக்கச் சில்லுகளுக்குப் பாரம் இடம் மாறுகிறது. இடைத்தூரம் அகலமாக அகலமாக இந்த இடமாற்றம் குறையும். 1240 கிலோ எடையும், நிலத்திலிருந்து சுமார் 460 மில்லி மீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும், சராசரியாக 1530 மில்லி மீற்றர் சில்லு இடைத்தூரமும் கொண்ட 86 கார், புவியீர்ப்பின் பத்தில் ஒன்பது பங்கு பக்கவிசையுடன் வளையுமாயின் இடம் மாறும் பாரம் சுமார் 335 கிலோ. ஒவ்வொரு பக்கமும் 15 மில்லி மீற்றர் தகடு வைத்து இடைத்தூரத்தை 30 மில்லி மீற்றரால் கூட்டினால் அது 329 கிலோவாகும். ஆறு கிலோ வித்தியாசம். நல்ல டயர் நான்கு வாங்குவதால் கிடைக்கும் பயனுடன் இதனை ஒப்பிடவே முடியாது. அத்துடன், முன் அச்சில் மாத்திரமோ பின் அச்சில் மாத்திரமோ பூட்டினால், முன்பின் சமநிலை மாறி வாகனத்தின் சுபாவமே வேறாகி விடும்.

முன் சில்லுகளைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உள்ளது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சில்லு ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தக் கோடு நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் இடையிலான தூரத்தைப் பொறியியலாளர்கள் மிகக் கவனமாக நிர்ணயிக்கின்றனர். 1972இல் வெளிவந்த ஜேர்மனியின் அவுடி 80 காரில், அந்தப் புள்ளி டயரின் நடுவுக்கு வெளிப்புறமாக விழும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்க முன் பிரேக் செயலிழந்தாலும் சில்லுகள் தாமாகவே எதிர்ப்புறம் சற்றுத் திரும்பி வாகனத்தை நேராக வைத்திருக்கும் என்பதே அதன் நோக்கம். இத்தகைய அமைப்புள்ள வாகனத்தில் 20 மில்லி மீற்றர் தகட்டைச் செருகினால் டயரின் நடுப்பகுதி அதே அளவு வெளியே போய் விடுகிறது. பொறியியலாளர் வைத்த பாதுகாப்பு குறைகிறது அல்லது தலைகீழாகிறது. குழி விழுந்த வீதியில் ஸ்டியரிங் கையை இழுப்பதும், ஈரமான வீதியில் பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் சாய முனைவதும் இதனால் ஏற்படக் கூடியவை. எனவே முன் சில்லுகளுக்கு 5 மில்லி மீற்றருக்கு மேல் போவதற்கு முன்னர் இரு முறை யோசிக்குமாறு கூறுவோம்.

ஸ்பேசர் போட்டால் பெயாரிங் உடனே நாசமாகி விடும் என்று அச்சுறுத்துவோரும் உள்ளனர். இது சற்று மிகையான அச்சம். 15 மில்லி மீற்றர் தகடு பெயாரிங்குக்கு 15 மில்லி மீற்றர் நெம்பு நீளத்தைச் சேர்க்கிறது. வளைவில் பக்கவிசை செயற்படும் நெம்போ டயரின் ஆரம், அதாவது இந்தக் காரில் சுமார் 312 மில்லி மீற்றர். பெயாரிங்கின் ஆயுள் ஓரளவு குறையலாம். ஆனால் மக்களின் உயிரைக் குடிப்பது பெயாரிங்கன்று, கழன்று போகும் சில்லே.

இனித் தெரிவுக்கு வருவோம். சில்லின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஓஃப்செட். சில்லின் உட்புறத்தில் ஈடி என்ற இரு ஆங்கில எழுத்துக்களை அடுத்து அது பொறிக்கப்பட்டிருக்கும். 86 காரின் 17 அங்குலச் சில்லுக்கு அது 48. 15 மில்லி மீற்றர் தகடு வைத்தால் 33 ஆகிறது. சில்லையும் மாற்றுகிறீர்களாயின் அகலத்தையும் கணக்கில் எடுங்கள். 7 அங்குல அகலத்திலிருந்து 8 அங்குலத்திற்குச் செல்லும்போது அதே ஓஃப்செட்டிலும் சில்லு உட்புறமும் வெளிப்புறமும் 12.7 மில்லி மீற்றர் வீதம் வளர்கிறது. இதனை மறந்து தகட்டையும் சேர்த்து வாங்கியவர்கள் பின்னர் மட்காட்டின் விளிம்பைச் சுத்தியலால் மடிக்க வேண்டி வருகிறது. வாகனம் சமதரையில் நிற்கும்போது மட்காட்டிலிருந்து தூக்குநூல் கட்டி அளப்பது தொடக்கம் மாத்திரமே. பின் ஆசனத்தில் ஆட்களை ஏற்றி, முன் சில்லை இரு புறமும் முழுமையாகத் திருப்பி, சஸ்பென்சன் அமிழ்ந்த நிலையிலும் அளந்து பார்த்தல் வேண்டும்.

தகட்டின் வகைகளுள், துளைகள் மாத்திரம் உள்ள வெறும் தகட்டை 3 முதல் 5 மில்லி மீற்றர் வரை, அதுவும் சுற்றுக்களை எண்ணிய பின்னரே ஏற்கலாம். ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வட்ட விளிம்பு சில்லை மையத்தில் நிறுத்துகிறது. 86 இல் அதன் விட்டம் 56.1 மில்லி மீற்றர். தடித்த வெறும் தகடு இந்த விளிம்பை மூடி விடுவதால் சில்லு மையத்தை இழக்கிறது. மேற்படி இளைஞரின் ஸ்டியரிங் நடுங்கியதன் காரணம் அதுவே. ஆகவே 10 மில்லி மீற்றர் அளவிலும் அதற்கு மேலும் செல்வதாயின், உட்புறம் ஹப்பில் இறுக்கமாகப் பொருந்துவதும், வெளிப்புறம் தனக்கென ஒரு விளிம்பைக் கொண்டதுமான தகட்டையும், அதற்கேற்ற நீளமான ஸ்டட்டுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். தனது சொந்த ஸ்டட்டுகளைத் தாங்கி, ஹப்பில் தனியாக முடுக்கப்படும் தடித்த வகையும் உண்டு. அதில், பழைய ஸ்டட்டுகள் தகட்டின் தடிப்பைத் தாண்டித் துருத்தினால் சில்லின் பின்முகத்தில் அவற்றுக்கான குழிகள் இருக்க வேண்டும். இல்லையேல் சில்லு தகட்டில் அமராது ஸ்டட்டின் நுனிகளில் அமரும். சிலர் ஸ்டட்டுகளை அறுத்து விடுகின்றனர். நாம் அதனை விரும்புவதில்லை. நாளை தகட்டைக் கழற்ற நினைத்தால் நட்டு பிடிக்க இழை இருக்காது.

நட்டின் இருக்கையும் முக்கியம். ஹொண்டாவின் தொழிற்சாலைச் சில்லுகள் உருண்டை வடிவ இருக்கை கொண்டவை. சந்தையில் கிடைக்கும் பிற சில்லுகள் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஒன்றுக்குரிய நட்டை மற்றதில் பூட்டினால் ஒரு மெல்லிய வளையத்தில் மாத்திரம் தொடுகை ஏற்பட்டு, சில நூறு கிலோ மீற்றரில் தளர்ந்து விடும்.

பூட்டும் நாளில் அவசரம் கூடாது. ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும் வரை அகற்றுங்கள். துருவின் மேல் இறுக்கிய தகடு, துரு நொறுங்க நொறுங்கத் தளரும். உப்புக் காற்று வீசும் எமது கரையோர ஊர்களில் அலுமினியமும் உருக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்வது வழக்கம். அதற்கு நடுவிளிம்பில் மாத்திரம் மிக மெல்லிதாகக் கிறீஸ் தடவலாம். இழைகளில் எண்ணெய் கூடாது. எண்ணெய் தடவிய இழையில் அதே 120 நியூட்டன் மீற்றர், ஐந்து தொன்னுக்குப் பதிலாக ஆறரைத் தொன்னைத் தாண்டிய இழுவிசையைக் கொடுத்து ஸ்டட்டைச் சோர வைத்து விடும். சில்லு நிலத்தைத் தொடாதிருக்கும்போதே நட்டுகளைக் கையால் முடுக்கி, நட்சத்திர ஒழுங்கில் ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கி, இறுதி இறுக்கத்தை அளவு காட்டும் டோர்க் ஸ்பானரால் செய்ய வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியால் படபடவென்று இறுக்கி அனுப்பும் இடங்களில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். 50 முதல் 100 கிலோ மீற்றர் ஓடிய பின், சில்லு குளிர்ந்திருக்கும் நிலையில், மீண்டும் அதே அளவில் இறுக்கிப் பார்த்தல் அவசியம். இரு அடுக்காக முடுக்கப்படும் வகையாயின் சில்லைக் கழற்றி உள்ளே உள்ள நட்டுகளையும் பார்க்க வேண்டும். இதைத்தான் எவரும் செய்வதில்லை. ஒரே பக்கத்தில் இரு தகடுகளை அடுக்குவதைப் பற்றி எழுதவே தேவையில்லை என்றிருந்தோம். ஆனால் அதையும் கண்டிருக்கிறோம்.

ஜேர்மனியில் தகட்டுடன் அதற்குரிய பரிசோதனைச் சான்றிதழும் வருகிறது. பூட்டிய பின்னர், சான்றிதழின் வகையைப் பொறுத்து, வாகனத்தைப் பரிசோதகரிடம் காட்டி ஆவணத்தில் பதிந்து கொள்ள வேண்டியும் இருக்கும். இங்கு சந்தையில் பெட்டியும் பெயருமில்லாத தகடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. வார்ப்பு அலுமினியத்தையும் அடித்துருவாக்கிய அலுமினியத்தையும் கண்ணால் வேறுபடுத்துவது கடினம். தயாரிப்பாளரின் பெயரும், உலோகத்தின் தரமும், நடுத்துளையின் அளவும் பொறிக்கப்படாத தகட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். பூட்டிய மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவித்துப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். விபத்தின் பின்னர் அவர்களின் மதிப்பீட்டாளர் அத்தகட்டை முதன்முதலாகக் காண்பது உங்களுக்கு நல்லதல்ல.

அந்த இளைஞரின் காரில் தகடுகளைக் கழற்றியபோது பின் இடது சில்லில் இரு ஸ்டட்டுகள் கையோடு முறிந்து வந்தன. ஐந்தில் மூன்றுடன் எவ்வளவு நாள் ஓடினார் என்பது அவருக்கும் தெரியாது. நான்கு ஹப்புகளிலும் ஸ்டட்டுகளை மாற்றி, தகடு எதுவுமின்றி, ஓஃப்செட் 38 உடைய 7.5 அங்குலச் சில்லுகள் நான்கை அவர் தேடி வாங்கினார். பழைய சில்லை விட அவற்றின் விளிம்பு 16 மில்லி மீற்றர் வெளியே நிற்கிறது. ஏறத்தாழ அவர் முதலில் விரும்பிய தோற்றமும் அதுதான்.