பிள்ளைக்குப் பசித்தால் அழும்... தாய்க்குப் பசித்தால்?

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் தென்காசி வட்டாரமே குளிர்ந்துவிடும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். கொடி முழுக்க ஈரத்துணி. இன்று காலை அலசிப் போட்டது நாளை சாயங்காலம் வரை காயாது. குழந்தைக்கு மூக்கு ஒழுகும். மூத்தது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இத்தனைக்கும் நடுவில் நிற்கிறாளே ஒருத்தி, அவளைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேசப்போகிறேன்.

ஓர் ஆடி மாதத்தில் என் வைத்தியசாலைக்கு ஒரு இளம் தாய் வந்தாள். சுரண்டைப் பக்கம் ஒரு கிராமம். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த குடும்பம். மூத்தவன் எல்.கே.ஜி., இளையவளுக்கு எட்டு மாதம். கணவருக்குத் திருப்பூரில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார்.

"தலை சுத்துது டாக்டரய்யா. முடி கொத்துக் கொத்தா உதிருது. பாலும் குறைஞ்சு போச்சு."

கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. ரத்தசோகை என்று முடிவு கட்டினேன். அயச் செந்தூரம், தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் இரண்டையும் கொடுத்து, முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லாம் சரியான மருந்துதான். ஆனால் ஒரு மாதம் கழித்து அதே வெளுத்த முகத்தோடு வந்து நின்றாள்.

"மருந்து சாப்பிட்டியாம்மா?"

"ஞாபகம் இருக்கும்போது சாப்பிட்டேன்."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்கள் ஆசிரியர்கள் படித்துப் படித்துச் சொன்னதுதான், நான்தான் மறந்துவிட்டேன். "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்தே? ஒவ்வொண்ணாச் சொல்லு."

சொன்னாள். ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் குழந்தை பாலுக்கு எழும். நாலு மணிக்கு அலாரம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதிகாலை ஜெபம் அவளுக்குப் பழக்கம். ஐந்து மணிக்கு அடுப்படி. ஏழரைக்குப் பையனை எழுப்பி, குளிக்க வைத்து, ஊட்டிவிட்டு, எட்டு மணிக்கு வேனில் ஏற்றுவாள். பிறகு துணி, பாத்திரம், குழந்தைக்குக் கூழ். அவள் வாயில் முதல் கவளம் விழும்போது மணி பதினொன்று. பகலில் படுப்பது கிடையாது. "படுத்தா அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்." இரவு குடும்ப ஜெபத்தின்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாளாம். அதைச் சொல்லும்போதுதான் கண் கலங்கியது. "ஜெபம் பண்ணக்கூட முடியல டாக்டரய்யா. நான் நல்ல தாயும் இல்ல, நல்ல விசுவாசியும் இல்ல."

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. வேகம் என்றால் ஓட்டமில்லை, உடம்பு தானாகக் கேட்கிற உந்துதல். தும்மல், கொட்டாவி, இருமல் என்று 14-ஐ வரிசையாகச் சொல்லி, இவற்றை அடக்கினால் நோய் வரும் என்கிறது அந்தப் பாடம். அவள் சொன்னதை வைத்து விரல் விட்டு எண்ணினேன். பசியை அடக்குகிறாள். தாகத்தை அடக்குகிறாள். குழந்தை மடியில் தூங்கினால் சிறுநீரை அடக்குகிறாள். நீர்க்கடுப்பு வேறு இருந்திருக்கிறது, வெட்கப்பட்டு என்னிடம் சொல்லவில்லை. தூக்கத்தை அடக்குகிறாள். ஐந்தாவது கண்ணீர். ஆமாம் அம்மா, கண்ணீரும் அந்தப் பதினான்கில் ஒன்றுதான்!

இந்த ஐந்தையும் விட்டுவிட்டு நான் லேகியம் கொடுத்தால் அது என்ன செய்யும்?

"பிள்ளை ராத்திரி முழுசாத் தூங்குற வரைக்கும் நாலு மணி அலாரத்தை நிறுத்திரும்மா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் வேறு மதத்துக்காரன், இதைச் சொல்லலாமா என்று எனக்கும் தயக்கம்தான். அப்போது எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே வாழ்ந்த ஒரு அம்மாவின் ஞாபகம் வந்தது.

களக்காட்டுப் பக்கம் டோனாவூர் இருக்கிறதல்லவா, அங்கே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867-ல் அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். கிராமம் கிராமமாக மாட்டு வண்டியில் போய்ப் பிரசங்கம் செய்தவர். 1901-ல் கோயிலுக்கு நேர்ந்துவிட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் குழந்தைகள் சேரச் சேர, ஊர் ஊராகப் போகிற ஊழியத்தை விட்டுவிட்டு டோனாவூரிலேயே தங்கிவிட்டார். குளிப்பாட்டுவதும் பால் ஊட்டுவதுமே ஊழியம் என்று ஏற்றுக்கொண்டார். பிரசங்கம் செய்ய வந்தவர் இப்படிப் பிள்ளை வளர்க்கலாமா என்று கேட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவர் தனியாக வளர்க்கவில்லை. பொன்னம்மாள் போன்ற நம் ஊர்ப் பெண்கள் கூட நின்றார்கள். குழந்தைகளுக்கு அங்கே "அக்கா"க்கள் இருந்தார்கள், "சித்தி"கள் இருந்தார்கள். 1931-ல் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்த அம்மையார், 1951-ல் கண் மூடும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார். இருபது வருஷம்! அம்மா படுக்கையில் இருந்தும் பிள்ளைகளுக்குச் சோறு நிற்கவில்லை, பாட்டு நிற்கவில்லை. அத்தனை கைகள் இருந்தன.

"ஞாயிறு பள்ளியில கேட்ட கதைதான் இது. ஆனா அவங்க ஒரு ஊழியத்தை விட்டுட்டுத்தான் இதைச் செஞ்சாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல" என்றாள்.

அடுத்த வாரம் மாமியாரையும் வரச் சொன்னேன். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. "நாங்க அஞ்சு பெத்து வளக்கலையா?" என்று ஆரம்பித்தார். "உங்க காலத்துல வீட்ல எத்தனை பொம்பளைங்க?" என்று கேட்டேன். யோசித்து, நாத்தனார், ஓரகத்தி என்று ஆறு பேரை எண்ணிச் சொன்னார். பிறகு அவரே பேசாமல் இருந்துவிட்டார். இந்த விஷயத்தில் நானும் யோக்கியன் இல்லை. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ராத்திரி ஒரு நாள்கூட எழுந்து தூக்கியதில்லை.

மூன்று பேருமாக ஒரு ஏற்பாடு செய்தோம். காலை ஐந்திலிருந்து ஏழு வரை குழந்தை ஆச்சியிடம், தாய் தூங்க வேண்டும். பையனுக்கு ஊட்டுவதற்கு முன்னால் அவள் இரண்டு இட்லி சாப்பிட வேண்டும். பால் கொடுக்கிற இடத்தில் ஒரு செம்பு தண்ணீர். பிள்ளை குடிக்கும்போதெல்லாம் தாயும் குடிக்க வேண்டும். குடும்ப ஜெபம் இரவு ஒன்பதிலிருந்து மாலை ஏழுக்கு வந்தது. அந்த நேரத்தில் திருப்பூரிலிருந்து அப்பா போனில் வந்து பையனுக்கு வேதாகமக் கதை ஒன்று சொல்வார். அவளுடைய சொந்த ஜெபம், பகலில் குழந்தைக்குப் பால் கொடுக்கிற வேளையில்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. 12-க்குக் குறைந்தாலே சோகைதான். பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிடும்படி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அலமாரியில் அப்படியே இருந்தது! என் செந்தூரத்தை நிறுத்தினேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி மாத்திரையையே தொடரச் சொன்னேன். காபி, டீ குடித்த கையோடு மாத்திரை போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். கூடவே கேழ்வரகு, முருங்கைக்கீரை; அசைவ வீடு என்பதால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல்.

ஒரு எச்சரிக்கை. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது சோம்பலும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. அது நோய். தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி-மானஸ் எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வாள் என்று பட்டால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

மூன்று மாதத்தில் ரத்தம் ஏறியது, தலைச்சுற்று நின்றது. அந்த ஐப்பசியில் மழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தது. "ஒரு நாள் பிள்ளைகளை வீட்ல விட்டுட்டு ஐந்தருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வாம்மா" என்றேன். மாமியார் பதறிவிட்டார். அருவித் தண்ணீரில் நின்றால் பால் குளிர்ந்து பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். தாய்ப்பால் உடம்புச் சூட்டில்தான் வரும், அருவி அதைக் குளிர வைக்காது என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

போய் வந்தாள். எட்டு வருஷமாக அருவிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, தனியாக நின்று குளித்தது அன்றைக்குத்தானாம்.

போன மாதம் குழந்தையின் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார்கள். குழந்தை ஆச்சி இடுப்பில் இருந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்த ஆச்சி, கதவருகே நின்று திரும்பினார்.

"டாக்டரய்யா, எனக்கும் ஒரு எண்ணெய் குடுங்க. இவளைத் தூக்கித் தூக்கித் தோளு வலிக்கி."

உளுந்துத் தைலம் கொடுத்தேன். ராத்திரி மருமகள்தான் தேய்த்துவிடுகிறாளாம்.